சிங்கிள் மால்ட்: அதில் 'ஒற்றை' எது?

கும்பகோணத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். குடித்து முடித்த விஸ்கி பாட்டில்களை நான் தூக்கிப் போடுவதில்லை. டாஸ்மாக் குவாட்டரிலிருந்து கோவாவில் வாங்கிய பால் ஜான் விஸ்கி வரை, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஓர் அட்டை எழுதிக் கழுத்தில் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். எந்த ஊரில் வடித்தது, எதிலிருந்து வடித்தது, எந்தப் பீப்பாயில் கிடந்தது, மூக்குக்கு என்ன, நாக்குக்கு என்ன என்று.

'சிங்கிள் மால்ட்' என்பதை 'ஒற்றை மால்ட்' என்று எழுதிவந்தேன். பொங்கலுக்கு வந்த மாமா அட்டையைப் படித்துவிட்டு, "ஒரே பீப்பாயில் எடுத்ததா?" என்றார். கூட வந்தவர், "இல்லை, ஒரே தடவை வடித்ததாக இருக்கும்" என்றார். இரண்டுமே தப்பு. மால்ட் என்றால் என்ன என்று கேட்டபோது, "ராகி மால்ட் மாதிரி" என்பதற்கு மேல் எனக்கும் சொல்ல வரவில்லை. இரண்டு சொல்லுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

தம்பி, 'சிங்கிள்' எளிது. அதை முதலில் முடித்துவிடுவோம். அங்கே ஒன்று என்பது வடிசாலை. நூறு பீப்பாய்ச் சரக்கைக் கலந்தாலும், பத்து வருடத்ததையும் பதினைந்து வருடத்ததையும் சேர்த்தாலும், எல்லாம் ஒரே வடிசாலையில் வடித்ததாக இருந்தால் அது சிங்கிள் மால்ட்தான். ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததற்கு 'சிங்கிள் காஸ்க்' என்று தனிப்பெயர் இருக்கிறது. ஆகவே 'ஓராலை' என்று எழுதலாம். கரும்பாலை, அரவை ஆலை என்று நம் வாயில் தினமும் புழங்கும் சொல்தானே.

இந்தப் பெயர் விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களே அடிபட்டிருக்கிறார்கள். கார்டூ என்ற சிங்கிள் மால்ட்டுக்குத் தேவை கூடிச் சரக்கு போதாமல் போனது. 2003-இல் அதன் உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் வேறு வடிசாலைகளின் மால்ட்டையும் கலந்து, ஏறக்குறைய அதே பாட்டிலில், 'ப்யூர் மால்ட்' என்று மாற்றி விற்றது. வாங்குகிறவன் ஏமாறுவான் என்று மற்ற வடிசாலைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். அடுத்த ஆண்டே பின்வாங்க வேண்டியதாயிற்று. 2009-இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள் 'ப்யூர் மால்ட்' என்ற சொல்லையே லேபிளிலிருந்து விலக்கிவிட்டன. பல வடிசாலை மால்ட்டுகளின் கலவைக்கு இப்போது 'பிளெண்டட் மால்ட்' என்று பெயர். நாம் அதைப் 'பல்லாலை' என்று எழுதினால் ஓராலைக்குச் சரியான ஜோடி.

இனி மால்ட். இதற்குச் சொல் தேடி அகராதிக்குப் போகவேண்டாம், வயலுக்குப் போவோம். சம்பாவுக்கு விதை நெல்லை என்ன செய்கிறோம்? ஒரு பகல், ஓர் இரவு ஊறவைக்கிறோம். தண்ணீரை வடித்து ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடுகிறோம். மறுநாள் கையை விட்டால் உள்ளே கதகதவென்று இருக்கும். அந்தச் சூடு எல்லை தாண்டினால் விதை அவிந்துபோகும் என்று பிரித்துக் கிளறிவிடுவோம். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலுக்குப் போய்விடும்.

மால்ட்டும் இதே வேலைதான், தானியம் வாற்கோதுமை (பார்லி). இரண்டு நாள் போல விட்டுவிட்டு ஊறவைப்பார்கள். மணியின் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து நாற்பத்தைந்து வரை ஏறும். பிறகு நாலைந்து நாள் முளைக்க விடுவார்கள். முளைக்கிற மணி தன் மாவைச் சர்க்கரையாக்கித் தின்பதற்கு நொதிகளை உண்டாக்கிக்கொள்ளும். அந்த நொதிகள்தான் விஸ்கிக்காரனுக்கு வேண்டும். ஆனால் முளையை வளரவிட்டால் மாவு முழுவதையும் அதுவே தின்றுவிடும். அதனால் சூட்டறையில் போட்டு, ஈரம் நூற்றுக்கு நாலைந்தாக இறங்கும் வரை உலர்த்தி, முளையை நிறுத்துகிறார்கள். நாம் நாற்றங்காலுக்குக் கொண்டுபோகிற இடத்தில் அவர்கள் அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், 1779-இல் தொடங்கிய போமோர் வடிசாலைக்குப் போயிருந்தேன். பெரும்பாலான வடிசாலைகள் மால்ட்டை வெளியில் வாங்குகின்றன. போமோரில் ஒரு பகுதியை இன்னும் தரையில் பரப்பியே முளைக்க வைக்கிறார்கள். கதவைத் திறந்ததும் வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிய மாதிரி ஒரு வாசனை. மரத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தவர் ஒரு மணியை எடுத்து என் கையில் வைத்து, நசுக்கித் தேய்க்கச் சொன்னார். உள்ளே இருந்த மாவு கோலமாவு போல விரலில் இழுபட்டது. அப்படி இழுபட்டால் பதம் வந்துவிட்டதாம். நடுவில் கட்டி நெருடினால் இன்னும் ஒரு நாள். எங்கள் தாத்தா சாக்குக்குள் கையை விட்டுப் பதம் சொன்னதுதான் அந்த நிமிடம் நினைவில் நின்றது.

ஆக, முளைத்ததும் அந்தச் சொல்லில் இருக்கவேண்டும், சூட்டில் முளை நின்றதும் இருக்கவேண்டும். 'முளைவாட்டு' என்று முன்வைக்கிறேன். அப்படியானால் சிங்கிள் மால்ட் விஸ்கி 'ஓராலை முளைவாட்டு விஸ்கி'.

மயிலாடுதுறையிலிருந்து:

ஐயா, 'ஓராலை' மிக நன்று. ஆனால் 'வாட்டு' எனக்கு உறுத்துகிறது. வாட்டி வதைத்தான், பசி வாட்டியது என்று துன்பத்தோடு சேர்ந்தே வருகிற சொல் அது. தானியத்துக்குக் 'கூலம்' என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறதே. கூலவாணிகன், கூலக்கடை என்றெல்லாம் ஆண்ட சொல். 'முளைக்கூலம்' என்றால் பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், ஓசையும் நன்றாக இருக்கும். வகுப்பில் முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வினையடியை அப்படியே பெயராக நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிபட நாளாகும்.

மன்னார்குடியிலிருந்து:

டீச்சர், கூலத்தின் பழமையை மதிக்கிறேன். ஆனால் நம் களத்தில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். நெல் தூற்றி மிஞ்சுகிற தூசும் துரும்பும் கூளம். எழுத்தில் ல, ள வேறு. காதில் விழும்போது 'முளைக்கூளம்' என்று கேட்டவர் குப்பை என்றே எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய குறை, முளைக்கூலம் என்பது முளை கட்டியதோடு நின்றுவிடுகிறது. சாக்கில் இருக்கிற நம் விதை நெல்லும் முளைக்கூலம்தான். அதில் விஸ்கி பாதி வழியில்தான் நிற்கிறது.

வாட்டுதல் துன்பம் மட்டும் இல்லை. கட்டுச்சோறு கட்ட வாழையிலையைத் தணலில் காட்டி எடுக்கிறோமே, அதுவும் வாட்டுவதுதான். கருகாமல், அளவான சூட்டில், ஒரு பதத்தில் நிறுத்துவது. சூட்டறையில் நடப்பது அச்சாக இதுவே. வினையடி பெயராக நிற்காது என்கிறீர்கள். கூட்டு, கட்டு, பூட்டு எல்லாம் நின்றிருக்கின்றனவே.

கிளைவிடுமா என்றும் பார்த்தேன். முளைவாட்டுக் களம், முளைவாட்டுச் சூளை, முளைவாட்டுபவர். வீட்டில் கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைக்கிற மாவுக்கும் பொருந்துகிறது. மலிவு பாட்டிலுக்கும் உதவும். நம்மூரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற விஸ்கியில் பெரும்பகுதி, கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற பாகிலிருந்து வடித்த சாராயம். அதில் கொஞ்சம் மால்ட் சேர்த்திருப்பார்கள். தானியத்தில் வடிக்காததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று விற்கவே முடியாது. தம்பியின் அட்டையில் 'பாகுச் சாராயம், சிறிது முளைவாட்டுச் சரக்கு' என்று இருந்தால் படிக்கிறவருக்கு உள்ளே இருப்பது தெரியும். அந்த பாட்டிலையும் நான் தாழ்த்திச் சொல்லவில்லை. என் முதல் குவாட்டரும் அதுதான், அதன் காலி பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மயிலாடுதுறையிலிருந்து:

வாழையிலை என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டது. முளைவாட்டு இருக்கட்டும். ஆனால் அட்டையில் முதல் தடவை எழுதும்போது பக்கத்திலேயே 'மால்ட்' என்றும் போடுங்கள் தம்பி. கடையில் கேட்கிறவர் அதைத்தான் கேட்பார்.

கும்பகோணத்திலிருந்து:

இருவருக்கும் நன்றி. பீப்பாயில் கிடக்கும்போது ஆவியாகிப் போகிற பங்குக்கு நானே ஒன்று எழுதிவிட்டேன்: 'ஆவிச் சேதாரம்'. ஆங்கிலத்தில் சொல்வதைத் தேவதைகளின் பங்கு என்று அப்படியே பெயர்த்தால் நம் ஆட்களுக்கு ஒட்டவில்லை. நகைக்கடைச் சேதாரம் எல்லோருக்கும் தெரியும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு போல, பெங்களூரு வெயிலில் பத்துக்கு மேல். இதற்கு எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நேற்று இரவு மாற்றி எழுதிய முதல் அட்டை:

அம்ருத் ஃப்யூஷன். ஓராலை முளைவாட்டு (மால்ட்) விஸ்கி. பெங்களூரு. முக்கால் பங்கு இந்திய வாற்கோதுமை, புகையில்லாமல் வாட்டியது. கால் பங்கு ஸ்காட்லாந்து வாற்கோதுமை, பீட் (சதுப்பில் மக்கிய செடிகொடிக் கட்டி) புகையில் வாட்டியது. சாராய அளவு 50 சதவீதம். ஆவிச் சேதாரம் மிகுதி. மூக்குக்கு: முதலில் புகை, பிறகு பாகு வெல்லம்.