பல மதத்துப் பிள்ளைங்க சேர்ந்து சமைச்சுப் பரிமாறுறப்ப, ஒரே அண்டா: மனசுல நிக்கிறதை எழுதுங்க

அடிப்பிடி:
நூறு பேருக்குப் பருப்பு. 5 கிலோ வெந்து, கடைஞ்சு, இறக்கப் போற நேரம். அதுல போட்ட சூப் க்யூபோட (ருசிக்குக் கரைக்கிற கட்டி) உறை குப்பையில கிடந்துச்சு, அதை ஒரு பொண்ணு எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் படிச்சா. பொடி எழுத்துல மாட்டுக் கொழுப்பு. அண்டாவைச் சுத்தி நின்னவங்க வாயே திறக்கல. இந்து, ஜைனப் பிள்ளைங்களுக்கு ஆகாது. ஹலால் முத்திரை இல்லாததால முஸ்லிம் பிள்ளைங்களுக்கும் ஆகாது. முன்பக்கம் என்னவோ காய்கறிப் படம்தான். ஜெலட்டின் (மாட்டுத் தோல், எலும்புல எடுக்கிறது), சீஸ்ல சேர்க்கிற ரெனட் (கன்னுக்குட்டி வயித்துல எடுக்கிற உறைப்பொருள்) எல்லாம் இப்படித்தான் நுழையும். உறையைக் கிழிக்கும் முன்னாடியே ரெண்டு பேர் படிச்சிடணும். முழுச் சைவம்னு முடிவு பண்ணிட்டா வம்பே இல்ல.

கரண்டி:
வம்பே இல்லையா? ஜைனருக்கு வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் எதுவும் ஆகாது. கோஷர், அதாவது யூத உணவு விதி, பார்க்கிற யூதருக்குப் பொருள் சரியா இருந்தாலும் பாத்திரமும் கோஷரா இருக்கணும். அவங்களுக்கு முத்திரை பிரிக்காத கோஷர் பொட்டலம்தான் வழி. ஒரு தடவை வெங்காயமில்லாத சின்னப் பானை தனி, மூடி தனி, எல்லாம் ஒழுங்கு. பரிமாறுறப்ப பெரிய அண்டாக் கரண்டி அதுக்குள்ள போயிடுச்சு. ஒரே நொடிதான். கரண்டியைப் பானைக் காதுலயே கயித்தால கட்டிப் போடுங்க.

உப்புக்கல்:
நோன்பு மாசம். கிளறுன மூணு பேரும் நோன்பு, ருசி பார்க்க ஆளில்ல. ஒருத்தர் போட்டது தெரியாம இன்னொருத்தரும் போட்டுப் பருப்பு கடலாயிடுச்சு. உப்பை நிறுத்துப் போடுங்க: வெந்த எடை 20 கிலோன்னா 160 கிராம்ல ஆரம்பிக்கலாம். போட்டதும் சீட்டுல டிக். கூடிப்போனா உப்பில்லாம வேகவெச்ச பருப்பைக் கலக்கணும். உருளைக்கிழங்கு இழுக்கும்ங்கிறது சும்மா பேச்சு.

அகப்பை:
எல்லாம் சரி, சோத்தைப் பத்தி யாருமே பேசலையே. ஆளுக்கு 75 கிராம் அரிசின்னா நூறு பேருக்கு 7.5 கிலோ. ஒரே அண்டாவுல போட்டா அடி கருகும், மேல வேகாது. ரெண்டாப் பிரிங்க. தண்ணியையும் அப்படியே பெருக்கிக் கணக்குப் போடாதீங்க. பெரிய பாத்திரத்துல விகிதப்படி ஆவி கம்மி, குழைஞ்சிடும். அடுத்தது ஆறவைக்கிறது. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, அதோட வித்து கொதியிலயும் சாகாது. சோறு வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சு நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால 60 டிகிரிக்கு மேல சூடாவே கொடுங்க. எடுத்து வைக்கிறதா இருந்தா தட்டுல 5 செ.மீ.க்கு மேல போகாம பரப்பி, 2 மணி நேரத்துல 21 டிகிரி, அடுத்த 4 மணி நேரத்துல 5 டிகிரிக்குக் கொண்டு வாங்க. மூடி போட்டு ஆறவிடாதீங்க. ராஜ்மான்னா ராத்திரி முழுக்க ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்கணும். ஸ்லோ குக்கர் சூடு பத்தாது, ராஜ்மாவுல இருக்கிற நஞ்சு போகாது, வாந்திதான்.

அடிப்பிடி:
சோத்தை யார் கேட்டா? அந்த க்யூப் பருப்பை என்ன பண்ணியிருக்கணும், அதைச் சொல்லுங்க.

கரண்டி:
கொட்ட வேணாம். என்ன கலந்திருக்குன்னு பெருசா எழுதி அண்டாவுல ஒட்டணும், வாங்குறவங்ககிட்ட வாயாலயும் சொல்லணும். ஆகாதவங்களுக்கு இன்னொரு 2 கிலோ பருப்பு, வேற அண்டாவுல.