மெத் (மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) விட்ட பிறகு மனசு மரத்துப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

தெப்பக்குளத்தான்:
சென்னையில் பிடித்த பழக்கம், ஊருக்கு வந்து விட்டாயிற்று. அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் நாள் முழுக்கத் தூக்கம், அகோரப் பசி. அது அடங்கியதும் வீட்டில் சரியாகிவிட்டான் என்று நினைத்தார்கள். அழகர்கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி என்பதால் என் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை வைத்ததும் பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று கதறுகிறாள். எனக்கு எதுவுமே இல்லை. பாவமாகக்கூட இல்லை. பந்தி எப்போது முடியும், எப்போது போய்ப் படுக்கலாம் என்றுதான் ஓடியது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பார்வை இன்னும் அரிக்கிறது. உங்களுக்கெல்லாம் இது எப்போது மாறியது?

பூமார்க்கெட்_நைட்டு:
தம்பி, காபியும் அப்படித்தான். மாட்டுத்தாவணியில் ராத்திரி லோடு இறக்கும் வேலை, காபியிலேயே வண்டி ஓடியது. நிறுத்தியதும் மண்டை பிளந்தது. மல்லிகை மூட்டைக்குப் பக்கத்தில் ஒருத்தன் கிண்டல் பண்ண, அடிக்கவே போய்விட்டேன். அடுத்த வாரம் தெளிந்துவிட்டது. எல்லாம் மனசுதான்.

திருமங்கலம்_செல்வி:
ரெண்டும் ஒன்றா அண்ணே? எங்கள் வீட்டுக்காரர் வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். தூங்காமல் ஓட்டத் தொட்டது, அப்புறம் லோடு இல்லாத நாளிலும் வேண்டியிருந்தது. விட்ட பிறகு சண்டை இல்லை, சத்தம் இல்லை. "பையன் திருந்திட்டான்" என்று மாமியாருக்கு ஒரே பெருமை. எனக்குத்தான் பயம். பொங்கல் வந்துபோனதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் குழம்பு வைத்தேன். பேசாமல் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆடி தாண்டித்தான் ஒருநாள் கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கல் என்று தட்டைத் தள்ளினார். "பழையபடி ஆரம்பிச்சுட்டான்" என்று மாமியார் தலையிலடித்துக்கொண்டார். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு இனித்தது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

இயற்கை_வாழ்வு:
என் சித்தப்பா பையனை செல்லூரில் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக் கிடந்தான், நான் வந்ததே தெரியவில்லை. சரி, அதை விடுங்கள். தம்பி, காலை நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். வாழைப்பழத்தில் மூளைக்கு உற்சாகம் தரும் டோபமைன் இருக்கிறது, தினமும் நாலு. முருங்கைக்கீரை ஒருநாள் விட்டு ஒருநாள். போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஜிகர்தண்டா கூடவே கூடாது, அத்தனையும் சர்க்கரை. ஞாயிறுதோறும் யானைமலை ஏறி இறங்கினால் மூளையில் எல்லாம் தானாக ஊறும். மனநல மாத்திரை பக்கமே போகாதீர்கள், அது இன்னொரு போதை.

வார்டு_சிஸ்டர்:
வாழைப்பழத்தில் டோபமைன் இருப்பது உண்மைதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, நடுவே தடுப்பு இருக்கிறது. பழம் சாப்பிடுங்கள், மலச்சிக்கலுக்கு நல்லது. காபி அண்ணனுக்கு: காபி, தூக்கம் வரவைக்கும் அடினோசினை மறிக்கிறது, நிறுத்தினால் தலைவலி 2 முதல் 9 நாளில் போய்விடும். மெத் டோபமைனைக் கொட்டவைத்து, அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் டிரான்ஸ்போர்ட்டரையே குறைத்துவிடுகிறது. 2001இல் அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவ் குழு வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்தவர்களுக்கு அந்த டிரான்ஸ்போர்ட்டர் அளவு நன்றாகவே ஏறியிருந்தது. பார்த்தது 5 பேரைத்தான். ஞாபகசக்திச் சோதனையில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. அதனால் செல்வி அக்காவின் ஆடிக் கணக்கு எனக்கு ஆச்சரியமில்லை.

எங்கள் வார்டில் ஒரு அப்பா, பார்வையாளர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் மகனை "சோம்பேறி" என்று திட்டித் தீர்த்தார். பையன் நிமிர்ந்து, "கோவம்கூட வரலப்பா" என்றான். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

மெத் பழக்கத்தை விடவைக்க என்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கு உண்டு, அது போதை அல்ல. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் மலையேறப் போகாதீர்கள், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் பேசலாம், காசு இல்லை.

இயற்கை_வாழ்வு:
எங்கள் தாத்தா மாத்திரையே தொட்டதில்லை, சிஸ்டர்.

வார்டு_சிஸ்டர்:
தாத்தா மெத்தும் தொட்டிருக்க மாட்டார் சார்.

தெப்பக்குளத்தான்:
செல்வி அக்கா, ஒரு சந்தேகம். நேற்று பெரியார் நிலையத்திலிருந்து தெப்பக்குளத்துக்கு ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். சுள்ளென்று கோபம் வந்து சண்டை போட்டேன். இதுவும் கணக்கில் சேருமா?

திருமங்கலம்_செல்வி:
சேரும் தம்பி. கடைசியில் எவ்வளவு கொடுத்தீர்கள்?