சூலூர் பக்கம் லேஅவுட்டில் பார்த்தது குள்ளநரியா?

சூலூர் சைக்கிள்:

வணக்கங்க. சூலூருக்குத் தெற்கே, பெரிய ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஆர்ச் கட்டி சைட் கல் நட்டு அப்படியே விட்டுவிட்ட லேஅவுட் ஒன்று இருக்கிறது. தார் ரோடு நன்றாக இருப்பதால் காலையில் சைக்கிள் ஓட்ட அங்கேதான் போவேன். போன வாரம் இன்னும் சரியாக விடியாத நேரத்தில் ஒரு சைட் கல்லுக்குப் பக்கத்தில் ஏதோ உட்கார்ந்திருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, தெருநாயில் பாதிகூட வராது. சாம்பல் நிறம், குச்சி குச்சியாகக் கால், தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய காது, புசுபுசுவென்று வால், அதன் நுனி மட்டும் கறுப்பு. பிரேக் சத்தம் கேட்டும் ஓடவில்லை, கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து சோளக்காட்டுக்குள் போய்விட்டது. போனை எடுப்பதற்குள் ஆள் காலி.

ஆபீசில் ஒருத்தர் கீரி என்கிறார், ஒருத்தர் காட்டுப்பூனை என்கிறார், இன்னொருத்தர் "நரி முகத்துல முழிச்சிருக்கீங்க, இன்னைக்கு டீ உங்க செலவு" என்று முடித்துவிட்டார். கூகுளில் நரி என்று தேடினால் செக்கச்செவேலென்று ஒன்றைக் காட்டுகிறது, அது இல்லவே இல்லை. இது குள்ளநரிதானா? டவுனுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்குமா? பையனைக் கூட்டிப்போய்க் காட்ட ஆசை. எப்போது போனால் பார்க்கலாம், ஆபத்து ஏதும் உண்டா?

கொரங்காட்டான்:

வால் நுனி கறுப்பு, காது பெரிசு என்றீர்களே, அது போதும், குள்ளநரியேதான். கீரிக்குக் காது இருப்பதே தெரியாது, காட்டுப்பூனைக்கு வால் கட்டை, அதில் வளையம் வளையமாக இருக்கும். ராத்திரி ஊளையிடுகிற பெரிய நரி வேறு, அது 8, 10 கிலோ வரும், நிறமும் செம்பழுப்பு. குள்ளநரி 2, 3 கிலோதான் வரும், 4 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம், ஊளையும் இடாது, கீச்சுக் குரலில் படபடவென்று கத்தும், அவ்வளவுதான்.

டவுனுக்குக் கிட்ட இருக்குமா என்றால், ஏன் இருக்காது? நரி பார்க்க சத்தியமங்கலம் காட்டுக்கும் டாப்ஸ்லிப்புக்கும் போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மரம் அடர்ந்த இடம் இதற்கு ஆகவே ஆகாது. நாலா பக்கமும் பார்வை எட்டுகிற வறண்ட மேட்டாங்காடு வேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் நாங்கள் ஆடுமாடு மேய்க்கிற கொரங்காடு இருக்கிறதே, சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மேய்ச்சலுக்கு விட்ட காட்டில் ஏர் ஓட்ட மாட்டார்கள், அதனால் எலி, கரையான், வெட்டுக்கிளி, ஓணான் எல்லாம் தங்கும், நரி பறித்த வளையும் இடியாது. விற்காத லேஅவுட்டும் நரிக்கு அதே கணக்குதான். விற்றுவிட்டால் வேறு கதை.

ஆபத்து என்று கேட்டீர்கள். ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ஜீவன் அது. வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் கொஞ்ச வருஷமாகப் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் குதறுவது தெருநாய்க் கூட்டம், நஷ்டஈடு கேட்டுச் சாலை மறியல் வரை போனது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடிந்ததும் "நரி வந்திருச்சு" என்று சொல்ல ஒருத்தர் இருப்பார். 3 கிலோ பிராணி 20 கிலோ செம்மறியை என்னங்க செய்துவிடும்? கோழிக்குஞ்சை வெளியே விட்டால் தூக்கும், அதை மறுக்கவில்லை.

இட்டேரி:

நரியைத் தேடாதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள். இட்டேரியிலோ (ரெண்டு பக்கமும் வேலி இருக்கிற வண்டித்தடம்) லேஅவுட் ரோட்டிலோ நடு வழியில், கொஞ்சம் மேடான கல்லின் மேல் விரல் தடிமனில் புழுக்கை கிடக்கும். காய்ந்ததாகப் பார்த்து ஒரு குச்சியால் உடைத்துப் பாருங்கள் (கையால் வேண்டாம்). வண்டு ஓடு பச்சையும் கறுப்புமாக மினுங்கும், எலி முடி இருக்கும், இலந்தை பழுக்கிற மாதங்களில் கொட்டை கொட்டையாக இருக்கும். நாய்ப்பீயில் இதெல்லாம் இவ்வளவு இருக்காது. புழுதியில் தடம் இருந்தால் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் போகும், நாய்த்தடம் கண்டபடி அலையும்.

வளை ஒன்றுக்கு வாசல் ஒன்று என்று நினைக்க வேண்டாம், ஒரே வளைக்கு நாலைந்து வாசல்கூட இருக்கும், எல்லாமே புழக்கத்தில் இருக்காது. புது மண் தள்ளியிருக்கிற வாசலில்தான் நடமாட்டம். எலி வளை, உடும்பு வளை எல்லாம் இருக்கும், எதிலும் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம்.

நேரம் என்றால் பொழுது சாய்கிற அரை மணியும் விடிகிற அரை மணியும். வெயில் காலத்தில் பகலில் வெளியே வரவே வராது, மழை பிடித்து மேகமூட்டமாக இருக்கிற நாளில் மதியம்கூடப் பார்க்கலாம். காரில் உட்கார்ந்து, என்ஜினை அணைத்து, காற்று நரி இருக்கிற பக்கம் இருந்து நம்மைப் பார்த்து வீசும்படி நிறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காரில் இருந்து இறங்கினால்தான் அது ஓடும். டார்ச் அடிப்பது, முயல் கத்துகிற மாதிரி போனில் ஓட விடுவது, சிக்கன் துண்டு போடுவது எல்லாம் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பழகிய நரி அடுத்து நிற்பது ரோட்டு ஓரத்தில்.

தேம்ஸ் ஈரோடு:

நான் இப்போது லண்டனில். இங்கே சமயத்தில் பட்டப்பகலிலேயே நரி பார்க்கலாம், குப்பைத்தொட்டி மூடியைச் சரியாகப் போடாவிட்டால் காலையில் தெரு முழுக்கப் பையைக் கிழித்துப் பரப்பியிருக்கும். ஜனவரி ராத்திரியில் அது கத்துகிற கத்தலுக்குப் புதிதாக வந்தவர்கள் போலீசைக் கூப்பிட்டால்கூட ஆச்சரியமில்லை. 1930களில் ஊரைச் சுற்றித் தோட்டம் வைத்த வீடுகள் பெருகியபோது உள்ளே வந்ததாம். கூகுளில் சூலூர்க்காரர் பார்த்தது இந்தச் செந்நரிதான், 6 கிலோ வரை சாதாரணமாக இருக்கும், வால் நுனி பெரும்பாலும் வெள்ளை. எதற்குச் சொல்கிறேன் என்றால், லண்டனில் நரி ஊருக்குள் பழகிவிட்டதே, நம் ஊரிலும் வீடு வந்தால் பழகிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள்.

கொரங்காட்டான்:

பழகாதுங்க. இங்கே குப்பைமேடு முழுக்க நாய் குடித்தனம். நரி அந்தப் பக்கம் போனால் கடிபட்டுச் சாகும், இல்லை கடியில் வெறி தொற்றும், கடிபடாவிட்டாலும் நாயிடம் இருந்து டிஸ்டெம்பர் என்கிற நாய் நோய் தொற்றும். உங்கள் ஊரில் தெருநாய் இல்லை, அந்த இடத்தைத்தான் உங்கள் நரி பிடித்திருக்கிறது.

வாழப்பாடியான்:

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று சொன்ன ஆபீஸ் நண்பருக்கு: எங்கள் சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி சுற்றுவட்டாரக் கிராமங்களில் காணும் பொங்கல் சமயத்தில் இந்த யோகத்துக்காகவே வங்காநரி ஜல்லிக்கட்டு என்று ஒன்று நடக்கும். நீங்கள் பார்த்த அதே குள்ளநரியைத்தான் நாங்கள் வங்காநரி என்போம். வலை போட்டுப் பிடித்து, கோயிலுக்குக் கொண்டுவந்து, கயிறு கட்டி ஊர் நடுவே ஓட விட்டு, அப்புறம் திரும்பக் காட்டில் விடுவார்கள். வனத்துறை வழக்குப் போட்டு அபராதமும் விதித்திருக்கிறது, 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பதே குற்றம். தை மாதம் என்பது குட்டிக்கு முந்தின மாதம், சினையாக இருக்கிற நரியை வலையில் பிடித்து, மேளச் சத்தத்தில் ஓட விட்டு, "கொல்லவில்லையே" என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இங்கே சொல்லிக்கொள்கிறேன். அதே மாதிரி நரிக்கொம்பு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நரிக்குக் கொம்பே கிடையாது, தோலையும் முடியையும் வைத்துச் செய்கிற ஏமாற்று வேலை, அதற்கும் பாவம் நரிதான் சாகிறது.

சூலூர் சைக்கிள்:

எல்லோருக்கும் நன்றிங்க. இட்டேரி சொன்ன மாதிரி காரில் போய் உட்கார்ந்தோம், பையனும் பார்த்தான். ஒன்று இல்லை, ரெண்டு, ஜோடி. லேஅவுட்டின் கடைசி மூலையில் பழைய மண்மேட்டில் வாசலும் தெரிகிறது. கிட்டே போகவில்லை. ஆனால் ஒரு சிக்கல். வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) மண்டிவிட்டது என்று அடுத்த வாரம் ஜேசிபி விட்டு முழுசாகச் சுத்தம் செய்யப் போகிறார்களாம், வாட்ச்மேன் சொன்னார். லொகேஷனோடு போட்டோ போட்டு நாலு பேருக்குத் தெரியப்படுத்தினால் நிற்குமா?

இட்டேரி:

போட்டோ மட்டும் போடாதீர்கள். வளை இருக்கிற இடம் தெரிந்தால் பார்க்க வருகிறவனும் வருவான், பிடிக்க வருகிறவனும் வருவான். ஐநேச்சுரலிஸ்டில் (பார்த்த உயிரினங்களைப் பதிகிற இணையதளம்) பதியலாம், ஆனால் இடத்தை மறைக்கிற வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பதியுங்கள்.

கொரங்காட்டான்:

இது மாசி. வளைக்குள் குட்டி இருக்க வாய்ப்பு அதிகம், ரெண்டு முதல் நாலு வரை போடும், தகப்பன் தாய் ரெண்டுமே இரை கொண்டுவரும், ஜோடியாகப் பார்த்தீர்கள் என்றால் அதுவாகத்தான் இருக்கும். பட்டா நிலத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி நாம் சண்டை போட முடியாது. வாட்ச்மேனிடம் ஓனர் நம்பர் வாங்கி மரியாதையாகப் பேசுங்கள். வேலிகாத்தானை எடுப்பதில் நரிக்கு நஷ்டமில்லை, திறந்த வெளிதான் அதற்கு வேண்டும். அந்த மண்மேட்டைச் சுற்றி மட்டும் வைகாசி வரைக்கும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், அதற்குள் குட்டிகள் ஓடப் பழகிவிடும். கடைசி மூலை சைட் எப்படியும் கடைசியில்தான் விற்கும், ஓனருக்கும் அது தெரியும். கேட்கவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தாக ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஜேசிபி ஓட்டுகிற தம்பியிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பக்கெட் அவர் கையில்தானே இருக்கிறது.