பொருள்: மறந்ததை வரவழைக்கும் குறிப்புக்கு ஒரு கலைச்சொல் வேண்டும் (அவசரம்)

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

வணக்கம். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பெற்றோருக்கு ஓர் உரை இருக்கிறது. படித்தது பிள்ளைகளுக்கு ஏன் மறந்துபோகிறது என்பதுதான் பேச்சு. கையில் கொடுக்க இரண்டு பக்கத் துண்டறிக்கையும் உண்டு. புதன் மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை முடித்து நேரே வருகிறவர்கள்தான் அதிகம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமாரும் வருவார்கள்.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: மறந்ததெல்லாம் அழிந்ததல்ல. 1966-இல் டல்விங், பியர்ல்ஸ்டோன் என்ற இருவர் வகை வகையாகப் பிரித்த சொற்பட்டியல்களை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வெறுமனே எழுதச் சொன்னபோது நின்றுபோனவர்களுக்குப் பிறகு 'விலங்கு', 'பழம்' போல வகையின் பெயரை மட்டும் காட்டியதும், வராத சொற்கள் வந்தன. உள்ளே இருந்திருக்கிறது, எட்டவில்லை. அப்படி எட்ட வைக்கும் அந்தப் பொருளுக்கு, அதாவது ரிட்ரீவல் க்யூவுக்கு, தமிழில் என்ன சொல்வது? இப்போது 'நினைவை மீட்பதற்கான உதவிக் குறிப்பு' என்று எழுதியிருக்கிறேன். பத்திக்குப் பத்தி வருகிறது, வாசிக்க மூச்சு முட்டுகிறது.

உளவியல் மாணவர், கிள்ளான்:

அக்கா, 'தூண்டுகுறி' எப்படி? சின்னச் சொல், கேட்டதும் புரியும்.

ஒரு வேண்டுகோள். எட்டாத மறதியைப் பற்றி மட்டும் எழுதி, எதுவுமே அழியாது என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட கணக்கில், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் படித்தபோது, முதல் தடவையோடு ஒப்பிட்டால் அவர் மிச்சப்படுத்திய உழைப்பு பாதிக்கும் குறைவு. ஒரு நாளில் அது மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சரிவு தொடக்கத்தில்தான் செங்குத்து. அதில் அழிந்தது எவ்வளவு, எட்டாதது எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. பதியவே பதியாத மறதியும் உண்டு. 1953-இல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்த பிறகு, ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்குப் புதிய நிகழ்ச்சிகள் தங்கவில்லை. பாடம் நடக்கும்போது கைப்பேசியில் இருந்த பிள்ளைக்கும் குறிப்புக் கொடுத்துப் பயனில்லை.

ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர், ஈப்போ:

அம்மா, தூண்டுதல் திரிக்கு உரியது. எரிகிற சுடரைப் பெரிதாக்கலாம். இல்லாத சுடரை அது கொண்டு வராது. நினைவோ வர வேண்டியது. நம் பேச்சே அதைச் சொல்கிறது: 'எனக்கு மறந்துபோயிற்று', 'எனக்கு ஞாபகம் வரவில்லை'. மறந்தது போகிறது, நினைவு வருகிறது, நமக்கு மிஞ்சுவது நான்காம் வேற்றுமை. வர வேண்டியதை எப்படி அழைப்பது? விளித்துத்தான். தொல்காப்பியர் விளிமரபு என்று தனி இயலே வைத்தார். ஆகவே 'விளிக்குறி'.

குறள் 1125-ஐயும் பாருங்கள்: 'உள்ளுவன் மன்யான் மறப்பின் மறப்பறியேன் ஒள்ளமர்க் கண்ணாள் குணம்.' மறந்தால் அல்லவா நினைப்பேன் என்கிறான் தலைவன். நெஞ்சில் வைத்திருப்பது வேறு, உள்ளுவது வேறு என்ற பிரிவினை அங்கேயே இருக்கிறது. மறத்தலும் மறைதலும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் கருத்து. மறந்தது மறைந்து நிற்கிறது; பெயர் சொல்லி விளித்தால் வெளியே வரும். துண்டறிக்கையில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு:

ஐயா, 1125 அருமையான பொருத்தம். அதை அவசியம் சேர்க்க வேண்டும். ஆனால் ஒலி ஒத்தால் வேரும் ஒன்று என்ற வழியில் போனால் மறவரும் மறுமையும் கூட வந்து சேர்வார்கள். 'விளி'யில் எனக்கு வேறு அச்சம். விளிதல் என்றால் சாதல். குறள் 143-இல் 'விளிந்தார்' செத்தவர்தான். போகட்டும், அது புலவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கடம். வகுப்பில் 'விளிக்குறி' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். நம் பிள்ளைகள் 'விழி' என்றுதான் எழுதுவார்கள்.

தேவார வகுப்பு நடத்துபவர், தைப்பிங்:

எங்களிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறதே. பாட்டில் பிள்ளை நின்றுபோனால் முழுப் பாட்டையும் நாங்கள் சொல்வதில்லை. அடுத்த அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்போம், மீதி தானே வரும். அந்தாதி முழுவதுமே இந்த வேலைதான்: ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. அபிராமி அந்தாதியை மனப்பாடமாகப் பாடும் பாட்டியிடம் நடுவில் ஒரு பாட்டைக் கேட்டால் தடுமாறுவார். முந்திய பாட்டிலிருந்து தொடங்கினால் தங்கு தடையில்லை. சேக்கிழாருக்கு 'உலகெலாம்' என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். 'அடியெடுப்பு' என்று வையுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர், ஈப்போ:

அம்மா, இறைவன் அடியெடுத்துக் கொடுத்தது புதிதாகப் பாடுவதற்கு. சேக்கிழார் எதையும் மறந்து நிற்கவில்லை.

உளவியல் மாணவர், கிள்ளான்:

'அடியெடுப்பு' எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு. நினைவை வரவழைப்பது சொல்லாகவே இருக்க வேண்டியதில்லை. 1975-இல் காடன், பேட்லி இருவரும் முக்குளிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் கரையைவிட நீருக்கடியில்தான் நன்றாக நினைவுக்கு வந்தன. இடமே அங்கே குறிப்பு. என் பாட்டிக்கு ஒட்டுப்பால் வாடை அடித்தால் போதும், லயத்தில் வரிசையாகக் குடியிருந்தவர்கள் பெயரெல்லாம் வரும். வாடைக்கு ஏது அடி?

கல்வியியல் விரிவுரையாளர், கோவை:

மலேசிய நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பாடநூல்களில் தூண்டல் (ஸ்டிமுலஸ்), துலங்கல் (அதற்கு எழும் எதிர்வினை) இரண்டும் வேறு பொருளில் நெடுங்காலமாக நிலைத்துவிட்டன. 'தூண்டுகுறி' என்றால் அந்தத் தூண்டலோடு குழம்பும். மீட்டுக்கொணர்தல், மீட்டறிதல் என்பவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. அவற்றோடு ஒட்டி 'மீட்புக்குறி' என்றால் குடும்பம் ஒன்றாக இருக்கும்.

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

'குறி' என்று முடியும் எதையும் படிவம் மூன்று வகுப்பில் நான் பலகையில் எழுத மாட்டேன். அது ஒருபுறம் இருக்க, தோட்டப்புறத்தில் குறி என்றால் கோயிலில் குறி கேட்பதுதான். 'குறிப்பு' என்றால் சம்மதம்.

'மீட்பு' என்றதும் முதலில் தயங்கினேன். எங்கள் ஊரில் மீட்பது என்றால் அடகுக் கடையில் வைத்த நகையைத்தான். யோசித்தால் அதுவே நல்லது. நகை தொலையவில்லை, கடையில் இருக்கிறது. சீட்டோடு போனால் கிடைக்கும். மறதியை இதைவிட எளிதாக அந்த அம்மாக்களுக்கு என்னால் விளக்க முடியாது. அதிலும் எனக்கு முக்கியம், பிள்ளையை 'மக்கு' என்று திட்டுவது நிற்க வேண்டும். பதில் வராத பிள்ளையின் முன்னால் ஒரு குறிப்பை வைத்துப் பார்க்கும் பொறுமை வீட்டில் வர வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும்போதே புத்தகத்தை மூடி வைத்து, தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அப்படிக் கேட்டுப் பார்ப்பது நாள்பட நினைவில் நிற்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே 'மீட்புக்குறிப்பு' போகிறது. விளக்கத்தில் 'அடியெடுத்துக் கொடுத்தால் வந்துவிடும்' என்ற தைப்பிங் அக்காவின் வாக்கியத்தை வினையாக அப்படியே வைக்கிறேன். குறள் 1125 முதல் பக்கத்தில் இருக்கும்.

தேவார வகுப்பு நடத்துபவர், தைப்பிங்:

வினையாக இருந்தால் எனக்குப் போதும், டீச்சர்.

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு:

சம்மதம். கொஞ்சம் நீளம்தான், இருந்தாலும் அச்சகம் காத்திருக்காது.

ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர், ஈப்போ:

இந்தத் துண்டறிக்கைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 'விளிக்குறிப்பு' என்ற என் கருத்து குழுவின் பதிவில் இருக்கட்டும். அடகுக் கடையை வைத்து ஒரு கலைச்சொல்லைக் காப்பாற்ற வேண்டிய நிலை தமிழுக்கு இல்லை.

இன்னொன்று. கிள்ளான் தம்பி சொன்ன பதியாத மறதிக்கு யாரும் புதுச்சொல் தேட வேண்டாம். குறளின் 54-ஆம் அதிகாரம், பொச்சாவாமை, இருக்கிறது. அதில் வரும் சொல்லே போதும்: பொச்சாப்பு, அதாவது சோர்ந்து மறத்தல். மகிழ்ச்சியில் சோர்ந்து கவனம் விட்டவனைத்தானே வள்ளுவர் அங்கே கண்டிக்கிறார்? கைப்பேசியில் மூழ்கிய பிள்ளைக்கு நேராகப் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு:

பொருந்தாது, ஐயா. பொச்சாவாமைக்குப் பரிமேலழகர் 'மறவாமை' என்றே பொருள் சொல்கிறார். அங்கே மறப்பது செய்ய வேண்டிய கடமையை. கற்கும்போதே பதியாமல் போன பாடத்தை அல்ல. தனி மடலாகத் தொடங்குங்கள், நாளைக்கு எழுதுகிறேன்.