கிங்ஸ்டன் போய் வந்தவர்கள் வழி சொல்லுங்களேன்

வணக்கம். பிப்ரவரியில் அப்பாவுடன் ஜமைக்கா போகிறேன், கிங்ஸ்டனில் 3 நாள். ஹோப் சாலையில் ரெகே பாடகர் பாப் மார்லி வாழ்ந்த 56ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். 1976இல் அவரைச் சுட்டபோது விழுந்த குண்டுத் துளைகள் சுவரில் இன்னும் இருக்கின்றனவாம். அதே சாலையில்தான் டெவன் ஹவுஸும். கறுப்பினச் செல்வந்தர் ஜார்ஜ் ஸ்டீபல் 1881இல் கட்டிய மாளிகை. (அப்பாவுக்கு அங்கே விற்கும் ஐஸ்கிரீம் மேல்தான் கண்!) இவை இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

குழப்பம் இதுதான்: மார்லி பிறந்த, அடக்கம் செய்யப்பட்ட நைன் மைல் மலைக்கிராமத்துக்குக் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப முடியுமா? வளைந்து வளைந்து போகும் பாதை, அப்பாவுக்கோ முழங்கால் வலி. அப்புறம், மார்லி இளமையில் வாழ்ந்த கிங்ஸ்டன் பகுதியான டிரெஞ்ச்டவுனுக்கு நாங்களாகப் போகலாமா, உள்ளூர் வழிகாட்டி வேண்டுமா?