ராட்வைலர், பிட்புல் மாதிரி நாய்களைத் தடை செய்யணுமா? என் பையன் கடிபட்ட பிறகு கேட்கிறேன்

ரேவதி, ஹொரமாவு:
பத்து நாளைக்கு முன்னாடி பெங்களூருல எங்க அப்பார்ட்மென்ட்ல லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே நின்ன ராட்வைலர் பாய்ஞ்சு என் பையனோட இடது கையைக் கவ்விடுச்சு. அவனுக்கு ஆறு வயசு. வளர்க்கிறவர் நல்ல வாட்டசாட்டமான ஆள்தான். ரெண்டு கையாலயும் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தும் அது விடல. செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்து பிரிச்சு விடுறதுக்குள்ள சதை கிழிஞ்சுபோச்சு. காயத்தைச் சுத்தி வெறிநோய்த் தடுப்பு சீரம் போட்டு, அப்புறம் ஏழு தையல். தடுப்பூசி நாலுல மூணு முடிஞ்சுது, 28-ஆம் நாள் ஊசி பாக்கி.

2024 மார்ச்ல மத்திய அரசு 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, குட்டி போட வைக்கவோ, விற்கவோ கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதுச்சு. ராட்வைலரும் அதுல இருந்துச்சு. ஏப்ரல் 10 அன்னிக்கு நம்ம கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. ஒரு மாசம்கூட ஆகல, மே 5-ல சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவுல ரெண்டு ராட்வைலர் சேர்ந்து அஞ்சு வயசுக் குழந்தையைக் குதறிடுச்சு. எனக்குத் தடை வேணும். வேண்டாம்னு சொல்றவங்க, ஏன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.

பீட்டர், அல்சூர்:
சிஸ்டர், படிச்சதும் மனசு பதறிடுச்சு. தம்பி சீக்கிரம் குணமாகணும். நானும் எட்டு வருஷமா ராட்வைலர் வளர்க்கிறேன், அதனால பேசாம போக முடியல.

இந்த நாய்கள் சாதுன்னு கோர்ட் சொல்லல. சம்பந்தப்பட்டவங்க யாரையும் கேட்காம, விதிப்படி அமையாத ஒரு குழுவை வச்சு முடிவு எடுத்தது தப்புன்னுதான் சொல்லுச்சு. அந்தப் பட்டியலை நான் வரி வரியாப் படிச்சேன். டோசா இனு ஒரு இடத்துல, ஜப்பானிய டோசா இன்னொரு இடத்துல. ரெண்டும் ஒரே நாய். அப்புறம் வெறுமனே 'டெரியர்'னு ஒரு வார்த்தை. மடியில தூக்கி வச்சுக்கிற யார்க்‌ஷயரும் டெரியர்தான். இதை வச்சுக்கிட்டு எந்த இன்ஸ்பெக்டர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

தில்லைநாதன், விவேக் நகர்:
பட்டியலில் பிழை இருந்தால் திருத்தலாம் பீட்டர் தம்பி. பிழையைக் காட்டிக் குழந்தையின் கையை மறந்துவிடக் கூடாது. எல்லா நாயும் கடிக்கும் என்பது எனக்கும் தெரியும். என் வீட்டு பொமரேனியன் தபால்காரரைக் கடித்திருக்கிறது. டெட்டால் போட்டு, ஊசி போட்டதோடு போயிற்று. ராட்வைலர் கடித்தால் ஏழு தையல். 2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது அம்மாவை அவர் வீட்டில் வளர்ந்த பிட்புல்லே கொன்றது. வேறு யாரோ வளர்த்த முரட்டு நாய் அல்ல, மகன் ஆசையாக வளர்த்தது. எத்தனை தடவை கடிக்கிறது என்பதைவிட, கடித்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கணக்கு.

பிரிட்டன் 1991-லேயே பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்துவிட்டது.

பீட்டர், அல்சூர்:
ஐயா, அதே மாதிரி சட்டத்தை நெதர்லாந்து 1993-ல கொண்டு வந்தது. கடி குறையலன்னு 2008-ல கைவிட முடிவு செஞ்சாங்க.

தில்லைநாதன், விவேக் நகர்:
பிரிட்டன் கைவிடவில்லையே. எக்ஸ்எல் புல்லி என்ற வகையையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

கால்நடை டாக்டர், பன்னேர்கட்டா ரோடு:
ரெண்டு பேர் சொல்றதும் நடந்ததுதான். என் டேபிளுக்கு வர்றதைச் சொல்றேன்.

முப்பது நாள் குட்டி வரும். 'ரெண்டு மாசம் சார்'னு சொல்லி வித்திருப்பாங்க. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். 2017-ஆம் வருஷ விதிப்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு ஒரு குட்டி கத்துக்கிறது தாய்கிட்டயும் கூடப் பிறந்த குட்டிங்ககிட்டயும்தான். அந்த வாரங்களைத் திருடிட்டு, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டு பால்கனியில நாள் முழுக்கக் கட்டிப் போட்டா? ராட்வைலரோட பூர்வீகம் ஜெர்மனியில ரொட்வைல் ஊர். கசாப்புக்காரங்களுக்கு மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய் அது. அந்த உடம்புக்கு எட்டடி பால்கனி போதாது. சாயங்காலம் லிஃப்ட் திறக்கும்போது வெடிக்கும்.

அதுக்காக எல்லாம் வளர்ப்புதான்னு நான் சொல்லமாட்டேன், பீட்டர். அந்தத் தாடை பலம் பிறவியிலேயே வர்றது. தடைங்கிறதைவிட, குட்டி போட வச்சு விக்கிற ப்ரீடருக்குப் பதிவு, நாய்க்கு லைசென்ஸ், தோலுக்கடியில அடையாளத்துக்கு மைக்ரோசிப், கருத்தடை, இதையெல்லாம் கறாரா நடத்தணும்கிறதுதான் என் கட்சி. தடை வந்தா இந்த வியாபாரம் எங்க கண்ணுக்கும் படாம போயிடும். ஊசி போடக்கூடக் கூட்டிட்டு வரமாட்டாங்க.

இங்க படிக்கிறவங்களுக்கு ஒண்ணு: எந்த நாய் கடிச்சாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க.

முருகன், ஸ்ரீராமபுரம்:
எங்க ஊர்ப் பக்கம் ராஜபாளையம், கோம்பை நாயெல்லாம் வேத்தாள் உள்ளே வந்தா விடாது. நாளைக்கு அதையும் பட்டியல்ல சேர்ப்பாங்களா?

ரேவதி, ஹொரமாவு:
டாக்டர் சார், நீங்க சொல்ற லைசென்ஸ் விதி நம்ம ஊர்ல இப்பவே இருக்கு. எங்க பில்டிங்ல இருக்கிற நாய்ல ஒண்ணுக்காவது லைசென்ஸ் இருக்கான்னு கேட்டேன், யாரும் வாயைத் திறக்கல. நடத்தாத விதியைக் காட்டி இன்னும் எத்தனை வருஷம் என்னைக் காத்திருக்கச் சொல்வீங்க? விற்பனையே இல்லன்னா அந்த முப்பது நாள் குட்டி உங்க டேபிளுக்கு வராதே.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். 'ஒரே பில்டிங், சமாதானமாப் போங்கம்மா'ன்னாங்க. பையன் இப்ப லிஃப்ட்ல ஏற மாட்டேங்கிறான். அஞ்சு மாடி நடக்கிறோம், காலையிலயும் சாயங்காலமும்.

பீட்டர், அல்சூர்:
சமாதானம்னு சொன்னா விடாதீங்க சிஸ்டர். எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க. புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 291-ஆம் பிரிவு இதுக்குன்னே இருக்கு. நாயைக் கவனக்குறைவா வச்சிருந்தா ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டுமே. நாய் வளர்க்கிற நானே சொல்றேன், அவர் மேல கேஸ் வரணும்.

நாயே வளர்க்கக் கூடாதுன்னோ லிஃப்ட்ல ஏத்தாதேன்னோ சொல்ல அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லன்னு விலங்கு நல வாரியத்தோட வழிகாட்டுதல் இருக்கு. ஆனா வளர்க்கிறவங்களே ஒத்துக்கிட்டா யார் தடுக்கப் போறா? என் நாய்க்கு லிஃப்ட்ல கூடை மாதிரி வாய்மூடி போடுவேன். உள்ள வாயைத் திறந்து இளைக்கலாம், தண்ணி குடிக்கலாம், கடிக்க முடியாது. முதல்ல அதுக்குள்ள கோழித்துண்டு வச்சு மூக்கை நுழைக்க மட்டும் பழக்கினேன். மூணு வாரம் ஆச்சு. இப்ப எடுத்தாலே தானா வந்து நிக்குது.

தில்லைநாதன், விவேக் நகர்:
நீங்கள் செய்கிறீர்கள் தம்பி, சந்தோஷம். ரேவதி பையனைக் கடித்த நாயை வளர்க்கிறவர் செய்யவில்லையே. எல்லாரும் உங்களைப் போல இருப்பார்கள் என்று நம்பிக் குழந்தைகளை லிஃப்டில் அனுப்ப என்னால் முடியாது. தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

ரேவதி, ஹொரமாவு:
எனக்கும் இல்ல. ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அசோசியேஷன் மீட்டிங். வாய்மூடி போட்டா நாய் செத்துப்போயிடும்னு அங்க ஒருத்தர் வாதாடுறார்.

பீட்டர், அல்சூர்:
நான் வர்றேன் சிஸ்டர். ரெண்டு சைஸ் வாய்மூடி இருக்கு, எடுத்துட்டு வந்து காட்டுறேன்.

ரேவதி, ஹொரமாவு:
வாங்க அண்ணா. நாயைக் கூட்டிட்டு வராதீங்க. பையனும் என்கூட இருப்பான்.