சிக்னலில் நின்று கிளம்பினால் நீலப் புகை: டர்போ போய்விட்டதா?

அவிநாசி சாலை

வணக்கம். என்னுடையது 2018 மாடல் டீசல் கார். 1.5 லிட்டர், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உண்டு, பி.எஸ். 4 புகை விதிப்படி வந்தது. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில வாரங்களாகச் சைலன்சரில் புகை வருகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் போகும்போதும் ஒன்றும் தெரியவில்லை. கோவை லட்சுமி மில்ஸ் போன்ற பெரிய சிக்னலில் நெடுநேரம் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் நீலம் கலந்த வெண்புகை குபுகுபுவென்று கிளம்புகிறது. பின்னால் நிற்கும் இருசக்கர வண்டிக்காரர்கள் திட்டுகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது.

முதலில் பார்த்த மெக்கானிக் டர்போவிலிருந்து, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, ஆயிலைக் காட்டினார். "டர்போ போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்றார். அரை லட்சத்தை நெருங்குகிறது. இன்னொருவர் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த புகைச் சான்றிதழில் வண்டி தேறியிருக்கிறது என்பதுதான் எனக்குக் கூடுதல் குழப்பம்.

டீசல் பித்து

92,000 ஓடிய வண்டிக்கு இதெல்லாம் சகஜம். கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றிப் பாருங்கள், புகை அடங்கிவிடும். என் பழைய ஜீப்பில் அப்படித்தான் ஓட்டினேன்.

பழைய பட்டறை

அந்த ஜீப்பில் டர்போ இருந்ததா என்று முதலில் சொல்லுங்கள். டர்போவின் இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. கெட்டியான ஆயில் காலையில் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், திரும்பி வடியவும் தாமதமாகும். புகையை மறைக்கப் போய் நல்ல டர்போவைக் கொன்றுவிடுவீர்கள்.

அவிநாசி சாலைக்கு: நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போயிருந்தால் இரவெல்லாம் கசிந்த ஆயில் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே புகையாக வரும். ரிங் தேய்ந்திருந்தால் மேட்டில் இழுக்கும்போதும் நெடுஞ்சாலையிலும் விடாமல் வரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே என்ஜினைப் பிரிக்கச் சொன்னவரிடம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஹோஸில் ஆயில் இருந்ததால் டர்போ போய்விட்டது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எந்த டர்போ டீசலிலும் அந்த ஹோஸில் லேசான ஆயில் ஈரம் இருக்கும். என்ஜினின் அடிக்கூடான கிரேங்க் கேஸிலிருந்து ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னாலேயே காற்றுப் பாதையில் சேர்கிறது. அதில் வரும் ஆயில் ஆவி எங்கே போகும்? டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயையும் கழற்றிப் பார்த்தாரா? அங்கேயும் அதே ஈரம் இருந்தால் அது பிரீதரிலிருந்து வந்தது. முன்னால் காய்ந்தும் பின்னால் சொட்டச் சொட்டவும் இருந்தால்தான் டர்போவின் மீது சந்தேகம்.

மூன்று கேள்விகள். புகையின் வாசனை எப்படி? டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு இறங்குகிறதா? புகை தொடங்குவதற்கு முன் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? மூன்றாவதற்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப் பார்ப்பவர்

புகைச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ். 4 டீசலுக்குப் புகை அடர்த்தியின் வரம்பு 50 ஹார்ட்ரிஜ் அலகு. என்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் முழுதாக மிதித்து, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். அளப்பதற்கு முன்னாலேயே சிலமுறை மிதித்துச் சைலன்சரைச் சுத்தம் செய்துவிடுவார்கள். தேங்கிய ஆயில் அதிலேயே எரிந்து போயிருக்கும். மேலும் இரண்டு மாதத்துக்கு முன் இந்தக் கோளாறே தொடங்கியிருக்காது. சான்றிதழை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

அவிநாசி சாலை

பதில்களுக்கு நன்றி. வாசனை கருகிய ஆயில்தான், கண்ணெரிச்சல் இல்லை. ஆயில் மாற்றி 1,500 கிலோமீட்டர் ஆகிறது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டிலிருந்து கிட்டத்தட்டக் கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை.

வேலை என்றால், ஆயில் மாற்றியபோது டர்போவுக்கு அடியில் லேசாக ஆயில் கசிந்திருக்கிறது என்று ஒரு குழாயைக் கழற்றி மாட்டினார்கள். இணைப்பில் வைக்கும் பேக்கிங் கையிருப்பில் இல்லை என்று சிலிக்கான் பசை போட்டு முறுக்கினார்கள். அதற்குப் பின் கசிவு இல்லை. இதற்கும் புகைக்கும் தொடர்பு இருக்குமா?

பழைய பட்டறை

இருக்குமா என்று கேட்கிறீர்கள்! என் சந்தேகம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு மேலே போகிறது. திரும்பி வரும்போது எந்த அழுத்தமும் கிடையாது. தன் எடையாலேயே, அடியில் உள்ள தடித்த குழாய் வழியாக வடிந்து இறங்க வேண்டும். கழற்றி மாட்டியது அந்தக் குழாயாகத்தான் இருக்கும். அதன் வாயில் பசையைத் தாராளமாகப் பூசி போல்ட்டை முறுக்கினால் வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவார்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அதை யார் துடைப்பது? வடிகால் குறுகினால் ஆயில் டர்போவின் நடுப்பகுதியில் தேங்கும்.

டர்போவின் ஷாஃப்டில் உள்ள சீல் ரப்பர் அல்ல. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய இரும்பு வளையம். இரண்டு பக்கச் சக்கரங்களுக்குப் பின்னால் காற்றழுத்தம் இருக்கும்வரை அது ஆயிலை உள்ளே வைத்திருக்கும். வண்டி ஓடும்போது அந்த அழுத்தம் இருக்கிறது, புகை இல்லை. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அழுத்தம் குறைவு. தேங்கிய ஆயில் வளையத்தைத் தாண்டிச் சைலன்சர் பக்கம் வழிகிறது. மிதித்தவுடன் எரிகிறது. நீங்கள் முதல் பதிவில் எழுதியது வரிக்கு வரி இதுதான்.

மெக்கானிக்கிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். டர்போவைக் கழற்றி, இரண்டு இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, என்ஜினிலிருந்து புகை வரும் மேனிஃபோல்டின் வாய்கள். இரண்டு, டர்போவிலிருந்து சைலன்சருக்குப் போகும் வாய். மேனிஃபோல்டில் ஈரம் இருந்தால் என்ஜினே ஆயிலைக் குடிக்கிறது. அது காய்ந்த கரியாக இருந்து, டர்போவின் வெளிவாய் மட்டும் ஈரக் கரியாக இருந்தால் கசிவு டர்போவில்தான். ஆனால் அப்போதும் புது டர்போ வாங்க ஓடாதீர்கள். ஷாஃப்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் மிக லேசாக ஆடினால் பயமில்லை, ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. முன்பின் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கைகளின் ஓரம் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ மட்டுமே டர்போ முடிந்தது.

அதுவரை வண்டியை ஓட்டாமல் இருப்பது நல்லது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காற்றுப் பக்கமும் கசிந்து இன்டர்கூலரில் ஆயில் தேங்கினால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானாக வேகமெடுத்துவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அப்போது அது டீசலில் ஓடவில்லை. கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக மிதித்து, உச்ச கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டுத் திணறடித்து நிறுத்த வேண்டும். யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கையால் காற்றுக் குழாயை அடைக்க மட்டும் யாரும் முயல வேண்டாம்.

வால்பாறை வண்டி

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்குக் கரும்புகை. ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கக்கிக்கொண்டே ஏறினேன். இழுவையும் இல்லை. இதுவும் டர்போதானா?

பழைய பட்டறை

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. இழுவையும் குறைந்திருந்தால் முதலில் டர்போவிலிருந்து என்ஜின்வரை உள்ள ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம், கிளாம்புக்கு அருகில் இருக்கும். அந்த இடம் ஆயிலும் தூசியும் சேர்ந்து பிசுபிசுப்பாக இருக்கும். ஏறும்போது "உஸ்" என்று சத்தம் கேட்டால் அதுவேதான். ஹோஸ் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர், பிறகு புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு. டர்போ கடைசி.

புதிய ஓட்டுநர்

ஐயா, என்னுடையது பெட்ரோல் டர்போ. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதித்தால் புகை வந்தால் வால்வு சீல் என்கிறார்களே, டீசலுக்கும் அது பொருந்துமா?

பழைய பட்டறை

பெட்ரோலுக்குப் பொருந்தும். ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்றுப் பாதையில் உள்ள த்ராட்டில் மூடி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, அது வால்வு வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. டீசலில் அப்படிப் பெரிய வெற்றிடம் உண்டாவதில்லை. அதனால் அந்தச் சோதனையை டீசலில் செய்து முடிவு கட்டாதீர்கள்.

அவிநாசி சாலை

கழற்றியாயிற்று. வேறு பட்டறை, நானும் பக்கத்திலேயே நின்றேன். மேனிஃபோல்டின் நான்கு வாய்களிலும் காய்ந்த சாம்பல் நிறக் கரி, விரலில் தூள்தான் ஒட்டியது. டர்போவின் வெளிவாய் தார் பூசியதுபோல் ஈரம். வடிகால் குழாயின் மேல் வாயில் சாம்பல் நிறச் சிலிக்கான் வளையமாக உள்ளே தொங்கியது. துளையில் பாதிக்கு மேல் அடைப்பு. மெக்கானிக் அதை மூக்குக் குறடால் பிடித்து இழுத்தபோது ரப்பராக நீண்டு வந்தது. ஷாஃப்டில் முன்பின் ஆட்டம் இல்லை, இறக்கைகள் சுத்தம்.

குழாயைச் சுத்தம் செய்து புது உலோகப் பேக்கிங் போட்டார்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்ததில் நூறு மில்லிக்குக் குறையாமல் ஆயில் வந்தது. ஆயிலும் ஃபில்டரும் புதிது. மொத்தச் செலவு டர்போ விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் ஓட்டத்தில் முன்பைவிட அதிகப் புகை வந்து வயிற்றைக் கலக்கியது. சைலன்சரில் தேங்கியது எரிகிறது என்றார்கள். அதன்படியே குறைந்து, இப்போது சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் சுத்தமாக இருக்கிறது.

பழைய பட்டறை

நல்லது. இழுத்து எடுத்த வளையம் முழுதாக இருந்ததா, ஓரம் பிய்ந்திருந்ததா? பிய்ந்திருந்தால் அந்தத் துண்டு குழாய் வழியாக ஆயில் தொட்டிக்குள் விழுந்திருக்கும். அங்கே ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் ஒட்டினால் டர்போ மட்டுமல்ல, என்ஜின் பேரிங்கும் சேர்ந்து போகும்.

அவிநாசி சாலை

ஒரு பக்கம் பிய்ந்துதான் இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய பட்டறை

அப்படியானால் ஆயில் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கே. ஆயில் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது எரியும்போது காலம் கடந்திருக்கும். தொட்டியைத் திருப்பி மாட்டும்போது பசை போட வேண்டிவரும், பல என்ஜின்களில் அதற்குத் தனிப் பேக்கிங் கிடையாது. மெல்லிய கோடாக, போல்ட் துளைக்கு உட்புறமாக ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.

வால்பாறை வண்டி

ஹோஸ்தான். கிளாம்புக்குக் கீழே விரல் நுழையும் அளவு வெடிப்பு. புதிது போட்டாயிற்று, கரும்புகை போய்விட்டது.